மூன்றாவது டெஸ்ட்

2024 டிசம்பர் 18, புதன்கிழமை. காலையில் ஆபீஸ் மீட்டிங் ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். அடுத்த காலாண்டுக்கு யார் என்ன செய்யப் போகிறார்கள் என்று திரையில் கட்டம் கட்டமாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். மேசைக்குக் கீழே என் போனில் பிரிஸ்பேனில் மழை பெய்துகொண்டிருந்தது. ஆட்டம் இல்லாததால் கேமரா டிரெஸ்ஸிங் ரூம் பக்கம் போனது. அஸ்வினும் கோலியும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். கோலி அவரை இழுத்து அணைத்துக்கொண்டார். சத்தம் வைக்காமல் பார்த்ததால் வர்ணனையாளர்கள் என்ன சொன்னார்கள் என்று தெரியவில்லை. என்னமோ சரியில்லை என்பது மட்டும் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் ஆட்டத்தை டிரா என்று முடித்துவிட்டார்கள். பத்திரிகையாளர் சந்திப்புக்கு ரோஹித் சர்மாவுடன் அஸ்வினும் வந்தார். அந்த டெஸ்டில் ஆடாதவர் ஏன் வருகிறார் என்று யோசிப்பதற்குள், இந்திய அணிக்காக இதுதான் தன் கடைசி நாள் என்று சொல்லிவிட்டார். கேள்விகளுக்கு நிற்கவில்லை. எழுந்து போய்விட்டார். மறுநாள் சென்னையில் இறங்கி, மேற்கு மாம்பலம் வீட்டு வாசலில் மேளதாளத்துக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். அங்கே தொடர் 1-1 என்று நின்றது. இரண்டு டெஸ்ட் பாக்கி.

எங்கள் டீம் வாட்ஸ்அப் குழு இரண்டாகப் பிரிந்துவிட்டது. "இப்படியா நடுவுல விட்டுட்டுப் போறது" என்று ஒரு கட்சி. "உட்கார வச்சுக்கிட்டே இருந்தா மனுஷன் என்ன பண்ணுவான்" என்று இன்னொரு கட்சி. நான் முதல் கட்சி. எனக்கு வருத்தத்தைவிட முதலில் வந்தது கோபம்தான். அந்தக் கோபம் முழுக்க அஸ்வின் மேல் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அதற்குப் பின்னால் எங்கள் கல்லூரி பி.டி. சார் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கடைசியில் வருகிறேன்.

முதலில் எங்கள் ஊருக்கும் அஸ்வினுக்கும் என்ன சம்பந்தம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் திண்டுக்கல்காரன். வெளியூரில் இதைச் சொன்னால் பூட்டு, பிரியாணி என்று இரண்டு சொற்களில் பேச்சு முடிந்துவிடும். 2016-க்குப் பிறகு மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்தது. தமிழ்நாடு பிரீமியர் லீக் அந்த வருடம் தொடங்கியபோது போட்டிகள் மூன்று இடங்களில் நடந்தன: சென்னை சேப்பாக்கம், திருநெல்வேலி சங்கர் நகர், எங்கள் நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானம். திண்டுக்கல்லில் இருந்து சிறுமலை அடிவாரத்தை ஒட்டிப் போகிற நத்தம் ரோட்டில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். மாந்தோப்புகளுக்குப் பேர்போன ஊர். அங்கே இரவு விளக்கில் வெள்ளைப் பந்து பறப்பதை முதன்முதலில் பார்த்தபோது, இது நம்ம ஊர்தானா என்று இருந்தது. எங்கள் அணியின் பெயர் திண்டுக்கல் டிராகன்ஸ். கேப்டன் அஸ்வின்.

சென்னைக்காரர் எப்படி உங்க ஊர் ஆள் ஆவார் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். லீக் அணிகளெல்லாம் ஏலத்தில் எடுத்த பாசம்தான். ஆனாலும் 200-க்கும் மேல் டெஸ்ட் விக்கெட் எடுத்த ஒருவர் நத்தத்தில் வந்து, கல்லூரிப் பையன் ஒருவனுக்கு ஃபீல்டிங்கில் இரண்டடி தள்ளி நிற்கச் சொல்லிக் கையசைப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த வாதம் செல்லாது. 2018-லும் 2019-லும் டிராகன்ஸ் இறுதிப் போட்டி வரை போய்த் தோற்றார்கள். 2019-ல்தான் அஸ்வின் இடது கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, ஆளே மாறிய மாதிரி ஒரு பந்து வீசி, உலகம் முழுக்க அந்த வீடியோ சுற்றியது. புதுப் பந்துகளைச் சோதித்துப் பார்க்க அவருக்கு இந்த லீக் ஒரு ஆய்வுக்கூடம். சோதனைச் சர்வரில் ஓட்டிப் பார்த்துவிட்டு மெயின் சர்வருக்குக் கொண்டுபோகிற எங்கள் தொழில் புத்திதான். அவரும் எஞ்சினியர்தானே. எஸ்.எஸ்.என். கல்லூரியில் ஐ.டி. படித்தவர்.

2024 ஆகஸ்ட் 4 அன்று சேப்பாக்கத்தில் கோவை கிங்ஸை வென்று டிராகன்ஸ் முதல் தடவையாகக் கோப்பையைத் தூக்கினார்கள். அஸ்வினே அரைச்சதம் அடித்தார். அடுத்த மாதம் அதே சேப்பாக்கத்தில் வங்கதேசத்துக்கு எதிரான டெஸ்டில் சதமும் ஆறு விக்கெட்டும். 38 வயதில் ஒரு மனிதன் இதற்குமேல் என்ன நிரூபிக்க வேண்டும்? மூன்று மாதம் கழித்து அவர் அணியில் இல்லை.

அந்தக் கோபத்தில் நான் பழைய கணக்குகளைத் தோண்ட ஆரம்பித்தேன். தொடரின் நடுவில் விலகியவர்கள் யார் யார்? ஒரு பட்டியல் போட்டேன். போட்டதும் ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது.

2008 நவம்பர் 2, டெல்லி கோட்லா. ஆஸ்திரேலியாவுக்கு எதிரான மூன்றாவது டெஸ்ட். கேப்டன் அனில் கும்ப்ளே ஓய்வு அறிவித்தார். பாக்கி ஒரு டெஸ்ட்.

2013 டிசம்பர் 22, ஆஸ்திரேலியா. ஆஷஸ் தொடரில் மூன்றாவது டெஸ்ட் முடிந்திருந்தது. இங்கிலாந்தின் ஆஃப் ஸ்பின்னர் கிரேம் ஸ்வான் ஓய்வு. பாக்கி இரண்டு.

2014 டிசம்பர் 30, மெல்போர்ன். ஆஸ்திரேலியாவுக்கு எதிரான மூன்றாவது டெஸ்ட். கேப்டன் தோனி டெஸ்டிலிருந்து ஓய்வு. பாக்கி ஒன்று.

2024 டிசம்பர் 18, பிரிஸ்பேன். ஆஸ்திரேலியாவுக்கு எதிரான மூன்றாவது டெஸ்ட். அஸ்வின். பாக்கி இரண்டு.

நான்கு பேரும் மூன்றாவது டெஸ்டுக்குப் பிறகு. நான்கும் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக. நாலு புள்ளியை வைத்துக் கோடு இழுக்கக் கூடாது என்று படித்தவன்தான் நான். தற்செயலாகவே இருக்கட்டும். ஆனால் ஆஸ்திரேலியத் தொடர் நீளமானது, நான்கு அல்லது ஐந்து டெஸ்ட். முதல் டெஸ்டில் உட்கார வைத்தால் வீரர் காத்திருப்பார். இரண்டாவதில் எடுத்துவிட்டு மூன்றாவதில் மறுபடி உட்கார வைத்தால், தன் இடம் எது என்று அவருக்குத் தெரிந்துவிடும். உடம்பு விஷயமும் அப்படித்தான். மூன்றாவது டெஸ்டில்தான் தோள்பட்டையும் முழங்கையும் உண்மையைச் சொல்லும்.

இந்த நால்வரில் கும்ப்ளேயின் விடைபெறல்தான் முழுமையானது. அவருக்குக் காரணம் கண்ணால் பார்க்கிற மாதிரி இருந்தது. அந்த டெஸ்டில் இடது கைச் சுண்டுவிரல் கிழிந்து தையல் போட்டிருந்தார்கள். கட்டோடு வந்து பந்து வீசினார். கோட்லாவோ அவருடைய மைதானம். 1999-ல் பாகிஸ்தானின் பத்து விக்கெட்டையும் 74 ரன் கொடுத்து எடுத்த இடம். அணியினர் தோளில் தூக்கிச் சுற்றினார்கள். நான் அப்போது கல்லூரி முதலாமாண்டு. ஹாஸ்டல் டி.வி. ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலிமேல் ஏறி நின்று பார்த்தோம். 619 விக்கெட் எடுத்த ஆள் அழாமல் போகிறாரே என்று பக்கத்தில் இருந்தவன் அழுதான்.

தோனி நேர் எதிர். மெல்போர்ன் டெஸ்ட் டிராவில் முடிந்தது. வழக்கமான பத்திரிகையாளர் சந்திப்புக்கு வந்தார், ஆட்டத்தைப் பற்றிப் பேசினார், போய்விட்டார். அதற்குப் பிறகு வாரியத்தின் அறிக்கை வருகிறது. 60 டெஸ்டுகளுக்குக் கேப்டனாக இருந்தவர் கடைசியாக ஒரு தடவை கையை உயர்த்திக் காட்டாமலே போய்விட்டார். சிட்னியில் கோலி கேப்டன்.

ஸ்வானைத்தான் அதிகம் திட்டினார்கள். அறுவை சிகிச்சை செய்த முழங்கை ஒத்துழைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் இங்கிலாந்து முதல் மூன்று டெஸ்டையும் தோற்று ஆஷஸைப் பறிகொடுத்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. மூழ்குகிற கப்பலில் இருந்து முதலில் குதித்தவர் என்று எழுதினார்கள். அந்தத் தொடரை இங்கிலாந்து 5-0 என்று தோற்றது. ஸ்வான் இருந்திருந்தால் 4-1 ஆகியிருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. இருந்திருக்க வேண்டும் என்றுதான் சொன்னார்கள். திட்டு எதற்கு என்பது இதில் தெரிகிறது. தோல்வியில் எல்லோரோடும் சேர்ந்து நிற்கவில்லை என்பதுதான் குற்றம்.

இந்தப் பட்டியலில் சேராத ஒருவர் முரளிதரன். அவரும் தொடரின் நடுவில்தான் போனார். 2010 ஜூலை, காலே, இந்தியாவுக்கு எதிராக மூன்று டெஸ்ட். முதல் டெஸ்டோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். அப்போது கையில் 792 விக்கெட். எட்டு வேண்டும். முதல் இன்னிங்ஸில் ஐந்து எடுத்தார். இரண்டாவதில் இரண்டு எடுத்ததும் 799. இந்தியாவின் கடைசி விக்கெட் விழ மாட்டேன் என்கிறது. ஒரு நேரம் மறுமுனையில் ரன் அவுட் ஆகிவிட்டால் என்ன செய்வது என்று எனக்கே வயிற்றைக் கலக்கியது, நான் இந்திய ரசிகனாக இருந்தும். கடைசியில் ஓஜா ஸ்லிப்பில் ஜெயவர்தனே கையில் கொடுத்தார். 800. கண்டித் தமிழர் ஒருவருக்கு முழு நாடும் எழுந்து நின்ற காட்சி. இலங்கை அணி அவர் தேதியைச் சுற்றித் தொடரையே வகுத்துக்கொண்டது. அவர் போனபின் இரண்டு டெஸ்ட் மீதி இருந்ததை யாரும் குறையாகச் சொல்லவில்லை.

நடுவில் போவது தப்பில்லை என்றாகிறது. முன்கூட்டிச் சொன்னால் விழா, சொல்லாமல் போனால் குற்றம். ஐ.டி. கம்பெனியில் இதற்கு நோட்டீஸ் பீரியட் என்று பெயர். என் வேலையில் 90 நாள். ராஜினாமா கொடுத்துவிட்டு மூன்று மாதம் அதே நாற்காலியில் உட்கார்ந்து, நம் இடத்துக்கு வருகிறவருக்குப் பாடம் எடுக்க வேண்டும். அந்த மூன்று மாதத்தில் யாரும் நம்மிடம் நிஜமான வேலை எதையும் தர மாட்டார்கள். மீட்டிங்குக்குக் கூப்பிடுவார்கள், ஆனால் பேசச் சொல்ல மாட்டார்கள். அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அஸ்வினுக்கு அந்த நோட்டீஸ் பீரியட் உண்மையில் எப்போது தொடங்கியது?

இங்கேதான் எண்கள் உதவுகின்றன. மொத்தம் 106 டெஸ்ட், 537 விக்கெட். அதில் இந்தியாவில் 65 டெஸ்டுகளில் 383. வெளிநாடுகளில் 40 டெஸ்டுகளில் 150. மிச்சம் நான்கும் 2021-ல் சவுத்தாம்டனில் நடந்த உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியில். உள்ளூரில் அவர் இல்லாமல் அணியே இல்லை. வெளியூரில் ஒரே ஒரு சுழற்பந்து வீச்சாளருக்குத்தான் இடம், அது பெரும்பாலும் ஜடேஜாவுக்கு, பேட்டிங் காரணமாக. 2021 இங்கிலாந்து பயணத்தில் அந்தக் கோடையில் நடந்த நான்கு டெஸ்டிலும் அஸ்வின் வெளியே. 2023-ல் ஓவலில் நடந்த இறுதிப் போட்டியிலும் வெளியே. அப்போது உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த பந்துவீச்சாளர் அவர்தான்! 2018-க்கும் 2020-க்கும் இடையிலேயே ஓய்வைப் பற்றிப் பலமுறை யோசித்ததாக 2021 டிசம்பரில் ஒரு பேட்டியில் அவரே சொல்லியிருக்கிறார்.

2024-ஐ மட்டும் எடுத்துப் பாருங்கள். பிப்ரவரியில் ராஜ்கோட்டில் 500-வது விக்கெட். அன்று இரவே அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று டெஸ்டின் நடுவில் சென்னைக்குப் பறந்து, நான்காம் நாள் திரும்பி வந்து பந்து வீசினார். மார்ச்சில் தர்மசாலாவில் 100-வது டெஸ்ட், ஒன்பது விக்கெட். அதோடு முடித்துக்கொள்ளலாம் என்று நினைத்ததாகவும், நினைவுப் பரிசைத் தர தோனியை அழைத்ததாகவும், அவரால் வர முடியவில்லை என்றும் பின்னாளில் ஒரு மேடையில் சொன்னார். ஆக, அழகான தேதி ஒன்று கையில் இருந்து நழுவிப் போயிருக்கிறது. அக்டோபர், நவம்பரில் நியூசிலாந்து வந்து 3-0 என்று நம்மைச் சொந்த மண்ணில் துடைத்துவிட்டுப் போனது. பெர்த்தில் வாஷிங்டன் சுந்தர். அடிலெய்டில் அஸ்வின், ஒரு விக்கெட். பிரிஸ்பேனில் ஜடேஜா. மூன்று டெஸ்ட், மூன்று ஸ்பின்னர்.

ரோஹித் ஒரு விஷயத்தைச் சொன்னார். தான் பெர்த் வந்து சேர்ந்தபோதே அஸ்வினின் முடிவு காதுக்கு வந்தது, அடிலெய்டு டெஸ்ட் வரையாவது இருக்கச் சொல்லித் தான்தான் பேசி நிறுத்தினேன் என்று. அப்படியென்றால் நமக்குத் 'திடீர்' என்று வந்தது உள்ளே இருந்தவர்களுக்கு மூன்று வாரப் பழைய செய்தி.

இன்னொரு கணக்கு. இந்தியா மும்பையில் நியூசிலாந்திடம் தோற்றது 2024 நவம்பர் 3. உள்ளூரில் அடுத்த டெஸ்ட் தொடங்கியது 2025 அக்டோபர் 2, அகமதாபாத்தில். நடுவில் ஆஸ்திரேலியா, பிறகு இங்கிலாந்தில் ஐந்து டெஸ்ட். உள்ளூரில் மட்டும் எடுக்கிறார்கள் என்றால் பதினோரு மாதம் தண்ணீர் பாட்டில் தூக்க வேண்டும். அப்போது வயது 39. வீட்டில் உட்கார்ந்து ஒரு பேப்பரில் எழுதிப் பார்த்தால் யாருக்கும் வருகிற விடைதான் அவருக்கும் வந்திருக்கும். மனவருத்தம், அவமானம் என்று நாம் பேசுவதெல்லாம் இருக்கட்டும். அட்டவணையே ஒரு ராஜினாமா கடிதம் மாதிரிதான் இருந்தது.

கவாஸ்கருக்கு இது பிடிக்கவில்லை. தொடர் முடிந்ததும் சொல்லியிருக்கலாம், அணியில் ஒரு ஆள் குறைகிறது, சிட்னி சுழலுக்கு ஒத்துழைக்கும் மைதானமாயிற்றே என்றார். தோனியும் இப்படித்தான் செய்தார் என்று நினைவுபடுத்தினார். அணியில் ஆள் குறைந்தது உண்மை. மும்பையின் தனுஷ் கோட்டியனை அவசரமாக அனுப்பினார்கள். ஆனால் சிட்னி ஆடுகளம் புல் படர்ந்து கிடந்தது, டெஸ்ட் மூன்றாம் நாளே முடிந்தது, சுழற்பந்துக்கு அங்கே வேலையே இருக்கவில்லை. தொடர் 3-1 என்று போனது. கவாஸ்கர் சொன்னது நடக்கவில்லை என்பதற்காக அவர் கேள்வி செத்துவிடாது. ஆடுகிற பதினொருவரில் இல்லாதவனுக்கும் அணியில் கடமை உண்டா? நான் இதைச் சாதாரணக் கேள்வியாக நினைக்கவில்லை.

எங்கள் டீமில் அமெரிக்காவில் இருந்து வேலை பார்க்கிற ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் ஸ்டீவ் ஸ்பரியர் கதையைச் சொன்னார். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து என்பது நம் ஃபுட்பால் இல்லை, கையில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடி முட்டிக்கொள்கிற ஆட்டம். அங்கே பயிற்சியாளர் என்றால் ஏறக்குறைய ஊர்த் தலைவர் மாதிரி. ஸ்பரியர் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்துக்கு 1996-ல் தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். பிறகு 2005-ல் இருந்து தென் கரோலினா பல்கலைக்கழகத்தில். 2015 அக்டோபரில், 70 வயதில், ஆறு ஆட்டத்தில் இரண்டு வெற்றி, நான்கு தோல்வி என்று இருந்தபோது சீசனின் நடுவில் விலகிவிட்டார். பாதி சீசன் பாக்கி. அங்கேயும் இதே சண்டை. நம்பி வந்த பையன்களை விட்டுவிட்டுப் போனார் என்று ஒரு பக்கம், மனசு போனபிறகு நின்று என்ன பயன் என்று இன்னொரு பக்கம். இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் பி.டி. சார் ஞாபகம் வந்துவிட்டது. அவருக்கு முன்னால் இன்னும் இரண்டு பேரைச் சொல்லிவிட்டு வருகிறேன்.

ஒருவர் அதே கும்ப்ளே. 2016 ஜூனில் இந்திய அணியின் பயிற்சியாளர் ஆனார். ஒரு வருடத்தில் 17 டெஸ்ட், 12 வெற்றி. அஸ்வினின் உச்ச காலமும் அதுதான், 2016-க்கான ஐ.சி.சி.யின் சிறந்த வீரர் விருது அவருக்குப் போனது. 2017 ஜூன் 18 சாம்பியன்ஸ் டிராபி இறுதியில் பாகிஸ்தானிடம் தோல்வி. 20-ஆம் தேதி அணி லண்டனில் இருந்து மேற்கிந்தியத் தீவுகளுக்கு விமானம் ஏறுகிறது, பயிற்சியாளர் ஏறவில்லை. அன்று மாலை ட்விட்டரில் ஒரு கடிதம் போட்டார். கேப்டனுக்குத் தன் பாணி குறித்துத் தயக்கம் இருப்பதை வாரியம் முதல் நாள்தான் முதன்முதலாகத் தன்னிடம் சொன்னது என்றும், இனி இந்த உறவு நீடிக்க முடியாது என்றும் எழுதியிருந்தார். 2008-ல் தோளில் தூக்கிச் சுற்றிய அதே மனிதரை 2017-ல் வழியனுப்ப ஆள் இல்லை. முதல் தடவை தேதியைத் தீர்மானித்தது அவர் விரல். இரண்டாம் தடவை வேறு யாரோ.

இன்னொருவர் வெங்கட்ராகவன். கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த சென்னை ஆஃப் ஸ்பின்னர். ஒருவகையில் அஸ்வினுக்குப் பாட்டன். 1979 இங்கிலாந்து பயணத்துக்கு அவர்தான் கேப்டன். ஓவலில் 438 இலக்கை விரட்டி, கவாஸ்கர் 221 அடித்து, 429-ல் நின்று டிரா ஆன டெஸ்ட் அந்தப் பயணத்தில்தான். நாடு திரும்புகிற விமானத்தில் பைலட் மைக்கில் அறிவிக்கிறார், புதிய கேப்டன் கவாஸ்கருக்கு வாழ்த்துகள் என்று. தன் பதவி போன செய்தியை வெங்கட்ராகவன் ஆகாயத்தில் ஸீட் பெல்ட்டோடு கேட்டார். அதற்குப் பிறகும் 1983 வரை ஆடினார். அப்புறம் அம்பயராகி 73 டெஸ்டில் நின்றார். அந்தத் தலைமுறையின் பொறுமை அது. அஸ்வின் தலைமுறை அந்த அறிவிப்புக்கு முன்னாலேயே விமானத்தில் இருந்து இறங்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. எது சரி என்று எனக்கு ஒரு நாள் ஒன்று தோன்றும், மறுநாள் வேறொன்று.

அஸ்வின் வீட்டுக்கு வந்த அன்று அவர் அப்பா ஒரு டி.வி. நிருபரிடம், பையன் அவமானப்படுத்தப்பட்டான், எத்தனை நாள்தான் பொறுத்துக்கொள்வான் என்கிற மாதிரி பேசிவிட்டார். நாடு முழுக்கத் தலைப்புச் செய்தி. அஸ்வின் ட்விட்டரில் ஒரு வரி போட்டார்: "டேய் ஃபாதர், என்னடா இதெல்லாம்." அப்பாவுக்கு மீடியா பயிற்சி கிடையாது, மன்னித்து விட்டுவிடுங்கள் என்று கூடவே ஒரு கோரிக்கை. நான் வாய்விட்டுச் சிரித்தேன். பிரிஸ்பேனில் சொல்லாமல் விட்டதை மாம்பலத்தில் அப்பா சொல்லிவிட்டார், மகன் அதை மறுக்கவும் இல்லை. நம் வீடுகளில் ராஜினாமா கடிதத்தின் நிஜக் காரணம் எப்போதும் அப்பா வாயிலிருந்துதான் வெளியே வரும்.

இனி பி.டி. சார்.

திண்டுக்கல்லைச் சுற்றி இருக்கிற எஞ்சினியரிங் கல்லூரிகளில் ஒன்றில் படித்தேன். எது என்பது வேண்டாம். சாருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. எங்கள் ஃபுட்பால் டீமின் கோச். அது அவருடைய நாலாவது வேலைதான். காலையில் கேட்டில் நின்று ஐ.டி. கார்டு பார்க்க வேண்டும், ஷேவ் பண்ணாத பையன்களைத் திருப்பி அனுப்ப வேண்டும், சாயங்காலம் கல்லூரி பஸ் கிளம்புகிறவரை விசில் ஊத வேண்டும். மிச்ச நேரத்தில்தான் கோச். கருவேல முள் கிடக்கிற மைதானத்தில் அவரே குனிந்து முள் பொறுக்குவார். மூன்றாம் ஆண்டில் ஸோனல் போட்டியில் அரையிறுதிக்கு வந்தோம். கல்லூரி வரலாற்றில் முதல் தடவை. காலிறுதியில் எனக்குக் கணுக்கால் பிசகியது. நான் ரைட் பேக்.

அரையிறுதி அன்று காலை வேன் நிற்கிறது, சார் வரவில்லை. கடைசியில் டி.வி.எஸ். 50-ல் வந்தார், பேன்ட் சட்டையில். டிராக் சூட் இல்லை. பந்துப் பை, ஏர் பம்ப், ஸ்ப்ரே, விசில் எல்லாவற்றையும் எங்கள் கேப்டன் கையில் கொடுத்து, "பாத்து ஆடுங்கடா" என்றார். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். வேலையை விட்டுவிட்டார் என்பதே மத்தியானம்தான் தெரிந்தது. 4-0 என்று தோற்றோம். ஒரு வருடம் அவரைத் திட்டிக்கொண்டே இருந்தோம். மைதானத்தில் பாதியை எடுத்துப் புது பிளாக் கட்டப் போகிறார்கள் என்றும், கோச்சிங் நேரம் இனி கிடையாது, கேட் டியூட்டி மட்டும்தான் என்று அவரைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்கள் என்றும் கல்லூரி முடித்துப் பல வருடம் கழித்துக் கேள்விப்பட்டேன். அப்போதும் கோபம் முழுக்கப் போகவில்லை. ஒரு நாள், ஒரே ஒரு நாள் பொறுத்திருக்கலாமே.

2025 ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை. டி.என்.பி.எல். இறுதிப் போட்டி எங்கள் நத்தத்திலேயே நடந்தது. திண்டுக்கல், திருப்பூர் தமிழன்ஸ். கேப்டனாக அஸ்வின் டாஸ் போட வந்தபோது எழுந்த சத்தம் பிரிஸ்பேனில் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய சத்தம். திருப்பூர் 220 அடித்தார்கள். "அடிச்சுட்டாய்ங்கப்பா" என்று பின்னால் ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்தார். இன்னிங்ஸ் இடைவேளையில் டீ வாங்கப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால், ஸ்கூல் யூனிஃபார்ம் போட்ட ஏழெட்டுப் பையன்களை எண்ணிக்கொண்டு ஒருவர். முடி வெளுத்திருந்தது. நிற்கிற விதம் மாறவில்லை, இடுப்பில் ஒரு கை.

"சார்" என்றேன். அடையாளம் கண்டுபிடிக்க அரை நிமிஷம் ஆனது. ஒரு ஸ்கூலில் பி.டி.யாக இருப்பதாகச் சொன்னார். சம்பளம் பரவாயில்லை, மைதானம் நல்லா இருக்கு. அஸ்வினைப் பற்றிப் பேசினோம். ஆஸ்திரேலியாவிலிருந்து பாதியில் வந்ததைப் பற்றிப் பேச்சு வந்ததும் இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்தினோம். நான் கேட்டுவிட்டேன். "சார், அன்னைக்கு ஒரு நாள் கழிச்சுப் போயிருக்கலாமே?"

"லெட்டர அன்னைக்குக் காலையிலதான்டா எழுதுனேன். முந்தின நாள் எழுதிருந்தா ராத்திரி கிழிச்சிப் போட்ருப்பேன். செமி முடியட்டும்னு நெனச்சா, ஜெயிச்சிட்டா ஃபைனல் முடியட்டும்னு தோணும். அப்பறம் அடுத்த வருஷ டீம். எனக்கு என்னயத் தெரியும்ல."

டீ கைக்கு வந்தது. பையன்களுக்கு பிஸ்கட் பாக்கெட் பிரித்துக் கொடுத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"அன்னைக்கு ரைட் பேக் யாருடா ஆடுனா?"

"நான்தான் சார். கட்டுப் போட்டுக்கிட்டு."

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "ஒன்னைய எறக்கக் கூடாதுன்னு இருந்தேன்" என்றார். பிறகு என் கணுக்காலைக் குனிந்து பார்த்தார், பதினாலு வருஷம் கழித்து. இப்போது வலி இருக்கிறதா என்று கேட்டார். மழை நாளில் கொஞ்சம் இருக்கும் என்றேன். ஐஸ் வைக்காதே, வெந்நீர் ஒத்தடம் கொடு என்றார்.

அதற்குள் டிராகன்ஸ் பேட்டிங் தொடங்கிவிட்டது. பையன்களைக் கூட்டிக்கொண்டு அவர் இடத்துக்குப் போய்விட்டார். 102-க்குச் சுருண்டோம். 118 ரன் வித்தியாசத்தில் தோல்வி. பரிசளிப்பு வரைக்கும் இருந்துவிட்டு நத்தம் ரோட்டுக்கு வந்து பஸ்ஸுக்கு நின்றேன்.